விடச் சொல்லும்வரை

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பொய் சொல்ல வராது. இதை ஏதோ பெரிய குணம் என்று நினைத்துவிடாதீர்கள். வியாபாரிக்கு இது ஒரு வியாதி. ஆசை ஆசையாய் ஒரு பெண்மணி சிவப்பு பிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பார். "எப்படி இருக்கு?" என்று கேட்பார். வேறு எந்தக் கடைக்காரனாக இருந்தாலும் என்ன சொல்வான்? "உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிடுவான். இவரோ தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "உங்க மூஞ்சிக்கு எடுபடலைம்மா, கன்னம் ஒட்டிப்போன மாதிரி தெரியுது" என்பார். அந்த அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய் அதே சிவப்பு பிரேமை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

"என்னங்க, ஒரு நாளாவது வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கக் கூடாதா?" என்று கேட்பார் மனைவி.

"நல்லா இல்லாததை நல்லா இருக்குன்னு எப்படிம்மா சொல்றது?"

"நான் சொல்றேனே, தினமும்."

மனைவி டாக்டர். டாக்டர்கள் சொல்வது வேறு, அது வைத்தியத்தில் சேர்த்தி என்று அவர் நினைத்துக்கொண்டார். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கீழே கண்ணாடிக்கடை, அதற்கு மேலே கிளினிக், அதற்கும் மேலே வீடு. மனைவி சளி, காய்ச்சல், சர்க்கரை என்று ஊர் மொத்தத்துக்கும் பார்க்கிற சாதாரண டாக்டர். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஊருக்கு வெளியே புறவழிச்சாலை வந்தது. சாலை வந்ததும் வண்டிகள் பறந்தன, வண்டிகள் பறந்ததும் மனிதர்கள் அடிபட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியோ தூரம். ஆம்புலன்ஸ்காரர்கள் கட்டுப் போடுவார்கள், தூக்கிக்கொண்டு போவார்கள். ஆனால் நசுங்கிய வண்டிக்குள் மாட்டிக்கொண்டவனை வெளியே எடுக்கவே நேரமாகும். அதுவரைக்கும் அவனுக்கு அங்கேயே வைத்தியம் பார்க்க ஒரு டாக்டர் வேண்டும். விருப்பப்பட்ட டாக்டர்கள் பெயர் கொடுக்கலாம் என்று தீயணைப்பு நிலையத்தில் கூட்டம் போட்டார்கள். டாக்டரம்மா பெயர் கொடுத்தார். அன்றைக்குக் கூடவே கை தூக்கியவர்களில் ஒருவர் வெளிநாடு போனார், ஒருவருக்கு முதுகுவலி வந்தது, ஒருவர் போனை எடுப்பதையே நிறுத்திக்கொண்டார். கடைசியில் மிஞ்சியது இவர் ஒருவர்தான்.

சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. கொடுத்ததெல்லாம் ஒரு பட்டன் போன். அது வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து அதுதான் குடும்பத் தலைவர். அது கேட்கிற தூரத்தில்தான் குளிக்க வேண்டும், அது கேட்கிற தூரத்தில்தான் தூங்க வேண்டும். ஒரு சினிமாவை அவர்கள் முழுதாகப் பார்த்தது கிடையாது. எல்லாப் படத்துக்கும் முடிவைப் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். கல்யாண வீட்டில் வாசலோர நாற்காலி. கார் எப்போதும் தெருவைப் பார்த்தபடி நிற்க வேண்டும். ஊரைத் தாண்டி ஒரு வெளியூர்ப் பயணம் போய் எத்தனையோ காலம் ஆயிற்று.

கண்ணாடிக்காரர் இதில் ஏன் மாட்டிக்கொண்டார் என்று கேட்கிறீர்களா? டாக்டரம்மாவுக்கு எல்லாம் தெரியும், கார் மட்டும் ஓட்ட வராது. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கிளினிக் சுவரோடு போய்க் கைகுலுக்கிவிட்டு வருவார். ஆகவே போன் அடித்தால் கண்ணாடிக்காரர் இருந்த இடத்திலிருந்து எழுந்து ஓட வேண்டும். பார்வை சோதிக்கிற கனத்த பிரேமை மூக்கில் மாட்டியபடி, எதிரே இருக்கும் எழுத்து தெரிகிறதா இல்லையா என்று சொல்லக் காத்திருந்த எத்தனையோ பேரை அவர் அப்படியே நாற்காலியில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். திரும்பி வரும்வரை பாவம், அவர்களும் அதே எழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

போன இடத்திலும் அவருக்கு ஒரு வேலை உண்டு. பையை எடுத்துக் கொடுப்பார், பிறகு சிவப்புக் கொடியோடு சாலையில் நின்று வருகிற வண்டிகளை ஒதுக்கிவிடுவார். விபத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குக் கண் இருட்டும். அதனால் இத்தனை வருஷமாக அவர் ஒரு விபத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. வேகத்தைக் குறைத்துக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிற முகங்களைத்தான் பார்த்திருக்கிறார். எது எவ்வளவு மோசம் என்று அந்த முகங்களிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். தீயணைப்புக்காரர்கள் அவரைக் கண்ணாடியண்ணன் என்று கூப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இன்னொரு தொல்லை இருந்தது. சாப்பிட்டுவிட்டு அக்கடா என்று சாய்வோம் என்றால் விட மாட்டார் டாக்டரம்மா. "வாங்க, தலையைப் பிடிக்கணும்" என்பார். காரின் ஓட்டுநர் இருக்கையில் இவர் உட்கார வேண்டும். பின் இருக்கையிலிருந்து அவர் இரண்டு கைகளையும் நீட்டி இவர் தலையை இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிப்பார். அடிபட்டவனின் கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தலை கொஞ்சம் அசைந்தாலும் கைகால் போய்விடும். அதனால் முதல் வேலையே யாராவது ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்வதுதான். அதற்குச் சட்டம் உண்டு. காதை மூடக் கூடாது, அவனுக்கு நாம் பேசுவது கேட்க வேண்டும். முழங்கையை எங்காவது ஊன்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கை நடுங்கும். எல்லாவற்றுக்கும் மேலே, பிடித்தவர் விடக் கூடாது. டாக்டர் வந்து விடச் சொல்லும்வரை, மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் சரி, பிடித்த கை பிடித்தபடி இருக்க வேண்டும்.

"தலையை ஆட்டாதீங்க. ஆமான்னா வாயால சொல்லுங்க."

"ஆமா தாயே, ஆமா. கல்யாணமான நாள்லேர்ந்து ஆமான்னுதானே சொல்லிட்டிருக்கேன்."

தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா அவர் தலையைப் பிடிச்சு உலுக்குறாங்க, என்ன சண்டையோ" என்று சிரித்துக்கொண்டு போவார்கள். வாரா வாரம் பிடிபட்டுப் பிடிபட்டு, எப்படிப் பிடித்தால் தலை நிம்மதியாக இருக்கும், எந்த விரல் எங்கே உறுத்தும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒரு நாளும் அவர் யார் தலையையும் பிடித்ததில்லை.

மகள் வேறு ஊரில் இருக்கிறாள். குழந்தை பிறந்து, தவழ்ந்து, இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. தாத்தா பாட்டியை அது போனுக்குள் வசிக்கிற ஆட்கள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தது. "உங்களுக்கு ஊர்ல அடிபட்டவங்கதான் பிள்ளைங்க, நான் யாரோதானே" என்று மகள் ஒரு நாள் அழுதேவிட்டாள். அன்றைக்குக் கண்ணாடிக்காரருக்கு வந்ததே கோபம்! அந்தப் பட்டன் போனைத் தூக்கிக் கிணற்றில் போடப் போகிறேன் என்று கத்தினார். கிணறு இல்லாததால் போன் தப்பித்தது. ஆனால் டாக்டரம்மா அன்றைக்கு எதிர்த்துப் பேசவில்லை. "வேற டாக்டர் கிடைச்சா குடுத்துடறேங்க. சத்தியமா" என்றார்.

கிடைத்தார். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு இளவட்டம், துடிப்பானவர், தானாக வந்து கேட்டார். மாலையில் நிலையத்தில் வைத்துப் போனை அவர் கையில் ஒப்படைப்பது என்று நாள் குறித்தார்கள். மறுநாள் காலையில் மகள் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியது. பெட்டி கட்டியாயிற்று. கண்ணாடிக்காரர் கடைக் கதவில் "ஒரு மாதம் விடுமுறை" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, அது நேராக இருக்கிறதா என்று தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு வந்தார். அப்படி ஒரு சந்தோஷம் மனுஷனுக்கு.

ஒப்படைக்க வேண்டிய அன்றைக்கு முற்பகல் போன் அடித்தது.

"கடைசித் தடவை" என்றார் டாக்டரம்மா, படியில் இறங்கிக்கொண்டே. "கடைசித் தடவை" என்று இவரும் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

தண்ணீர் கேன் ஏற்றிப்போன வேன் ஒன்று ஒரு காரின் பக்கவாட்டில் மோதி, அங்கிருந்து சாலையோர மரத்தில் போய் நின்றிருந்தது. சாலை முழுக்கத் தண்ணீர் கேன்கள் உருண்டு கிடந்தன. கண்ணாடிக்காரர் வழக்கம்போலப் பையைக் கொடுத்துவிட்டு, கொடியை எடுத்துக்கொண்டு, முதுகைத் திருப்பினார். எட்டிப் பார்க்கிற முகங்களைப் பார்த்தார். ஒருவர்கூட வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை. மோசம்தான் என்று தெரிந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "என்னங்க, இங்க வாங்க!"

அப்படி அவர் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. கண்ணாடிக்காரர் திரும்பாமலே, "என்ன வேணும்? பையிலேயே எல்லாம் இருக்கே" என்றார்.

"பை வேணாம். நீங்க வேணும்."

வேனின் முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. ஓட்டிவந்த பையன் இடுப்புவரை இரும்புக்குள் இருந்தான். பையன் என்றால் மீசை நன்றாக முளைத்த, கல்யாணமான பையன்தான். முழித்துக்கொண்டு இருந்தான். டாக்டரம்மா அவன் நாடியைப் பிடித்துப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார், கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"பின்னால ஏறி இந்தத் தம்பி தலையைப் பிடிச்சுக்கோங்க. நான் அந்தக் காருக்குப் போகணும். அங்க ஒரு அம்மாவுக்கு மூச்சு அடைக்குது."

"நானா? எனக்கு இதெல்லாம்..."

"உங்களுக்குத் தெரியும். உங்களைத் தவிர இங்க யாருக்கும் தெரியாது. நான் வந்து சொல்ற வரைக்கும் விடாதீங்க."

சொல்லிவிட்டு ஓடிவிட்டார். கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. நசுங்கிய பின் கதவு வழியாக உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைந்தார். இரண்டு கேன்களுக்கு நடுவே மண்டிபோட்டு, கையை நீட்டி, அந்தத் தலையைப் பிடித்தார். உள்ளங்கை தாடையோரம், விரல்கள் கன்னத்துக்குக் கீழே, காது திறந்தபடி. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் தலைக்கு எங்கே இதமாக இருக்குமோ, அங்கே அவர் விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன.

"தலையை ஆட்டாதே தம்பி. ஆமான்னா வாயால சொல்லு."

"சரிங்க" என்றான் பையன்.

தீயணைப்பு அதிகாரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "கண்ணாடியண்ணே, கட்டர் போடப் போறோம். கண்ணாடி தெறிக்கும். போர்வையைப் போட்டுடறோம்." அவ்வளவுதான், தடித்த சாம்பல் நிறப் போர்வை ஒன்று இரண்டு பேரையும் சேர்த்து மூடியது. உலகம் அத்தோடு காணாமல் போனது. புழுக்கம், டீசல் நாற்றம், வெளியே இயந்திரத்தின் இரைச்சல். எழுந்திருக்கவும் முடியாது, குனியவும் முடியாது, மூக்கைத் துடைத்துக்கொள்ளவும் முடியாது. பின்னால் கேன், முன்னால் இருக்கை, மேலே போர்வை. மூச்சு முட்டியது. கத்திக்கொண்டு வெளியே ஓடிவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. ஓடினால் தலையை விட வேண்டும். விட்டால் இவன் கதி?

"நீங்க டாக்டருங்களா?" என்று கேட்டான் பையன்.

"இல்லப்பா. கண்ணாடிக்கடை."

பையன் சிரித்தான். "என் கண்ணாடி எங்கயோ விழுந்துடுச்சு சார். எல்லாம் மங்கலா இருக்கு."

"என்ன பவர்?"

"ஞாபகம் இல்ல சார். போட்டு ரொம்ப நாளாச்சு."

"ரொம்ப நாளா டெஸ்ட் பண்ணாம வண்டி ஓட்டுறியா? நல்ல ஆளுய்யா நீ! கடைக்கு வா, நான் பார்த்துத் தர்றேன். நல்ல பிரேமா போட்டுக்கலாம். உன் மூஞ்சிக்குக் கறுப்பு நல்லா இருக்கும்."

அவர் உண்மையைத்தான் சொன்னார். அவனுக்குக் கறுப்பு எடுப்பாகத்தான் இருந்திருக்கும்.

கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. போர்வை மேல் பொடிப்பொடியாகக் கொட்டியது. பையன் கண்ணை மூடிக்கொண்டான். "வீட்டுல என்னைத் திட்டப் போறா சார். நேத்தே சொன்னா, தூங்காம ஓட்டாதேன்னு."

"திட்டட்டும், திட்டட்டும். திட்டு வாங்க ஒரு வீடு இருக்கே."

"கால் வலிக்கவே இல்ல சார். ஜில்லுன்னு இருக்கு. நல்லதுதானே?"

"நல்லதுதான்பா. வலிச்சாதானே கஷ்டம்?" மனமாரச் சொன்னார் கண்ணாடிக்காரர். அவருக்கு என்ன தெரியும்!

கொஞ்சம் பொறுத்து அவன் மறுபடியும் கேட்டான், குரல் தாழ்ந்து. "சார், எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாது. டாக்டரம்மா பார்த்துட்டுத்தானே போனாங்க? உனக்குக் கழுத்துதான் முக்கியம். அதை அசைக்காம வச்சுக்கிட்டா போதும், நடந்தே வீட்டுக்குப் போவே. நான் பிடிச்சிருக்கேன், விட மாட்டேன்."

"சரிங்க சார்" என்றான். அதற்குப் பிறகு அவன் பயப்படவில்லை. அது கண்ணாடிக்காரரின் கைகளுக்கே தெரிந்தது. தாடை இளகி, தலையின் பாரம் முழுவதும் அவர் உள்ளங்கையில் வந்து தங்கியது. தூங்குகிற குழந்தையின் தலை இப்படித்தான் கனக்கும். தன் பேத்தியை அவர் ஒரு நாளும் தூக்கியதில்லை. ஆனாலும் அதுதான் நினைவுக்கு வந்தது. நடுவில் ஒருமுறை காலில் நரம்பு சுண்டி இழுத்தது. தாங்க முடியாமல் முழங்காலை ஒரு விரற்கடை நகர்த்தினார். கை அசைந்ததா, அசையவில்லையா? அசையவில்லை என்றுதான் நினைத்தார்.

ஒருவழியாகப் போர்வை விலகியது. டாக்டரம்மா பக்கத்தில் வந்து நின்றிருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. பையனின் கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். "இப்ப இரும்பைத் தூக்கப் போறாங்கப்பா" என்றார். பிறகு கணவரிடம், "விடாதீங்க" என்றார்.

இரும்பைத் தூக்கினார்கள். பையன் "அப்பாடா" என்றான். அடுத்த மூச்சில் அவன் தலை கண்ணாடிக்காரரின் கையில் வேறு மாதிரி கனத்தது. என்ன மாதிரி என்று அவரால் சொல்லத் தெரியாது. கைக்குத் தெரிந்தது. வெளியே இழுத்தார்கள், நெஞ்சை அழுத்தினார்கள், இன்னொரு ஊசி போட்டார்கள், டாக்டரம்மா குனிந்து குனிந்து என்னென்னவோ செய்தார். தரையில் மண்டிபோட்டு அத்தனை நேரமும் கண்ணாடிக்காரர் அவன் தலையை விடவில்லை.

"விடுங்க" என்றார் டாக்டரம்மா.

"நான் அசைக்கலைம்மா."

"தெரியும். விடுங்க."

"நான் அசைக்கவே இல்ல..."

டாக்டரம்மாதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். காரில் வந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார் என்று யாரோ சொன்னார்கள். கண்ணாடிக்காரர் காதில் அது ஏறவில்லை.

போன் ஒப்படைப்பு என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. புது டாக்டர் விஷயம் கேள்விப்பட்டு, வேலை எப்படி என்று பார்த்துக்கொள்ளலாமே என்று ஆர்வமாக அங்கேயே கிளம்பி வந்திருக்கிறார். வந்தவர் வேனைப் பார்த்தார், சாலையோரம் போய் வாந்தி எடுத்தார், வந்த வழியே போய்விட்டார். மாலையில் தீயணைப்பு அதிகாரி கூப்பிட்டார். "அண்ணே, அந்தத் தம்பிக்கு இது ஒத்துவராதாம். அக்காகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை." அக்காவிடம் இவர்தான் சொன்னார். அக்கா பட்டன் போனைச் சார்ஜில் போட்டார்.

மகள் போனில் கேட்டாள், "எப்பப்பா கிளம்பறீங்க?"

"அடுத்த மாசம் கண்டிப்பா வர்றோம்மா" என்றார். சொல்லும்போது குரல் கம்மியது, காது சிவந்தது. மகளுக்கு அது புரியாமலா இருக்கும்? "சரிப்பா" என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் ஆளே மாறிப்போனார். பிரேமில் பொடி ஆணி முடுக்கப் போனால் ஆணியைக் கீழே தவறவிட்டார். வாடிக்கையாளர் முகத்தில் கண்ணாடியை மாட்டிவிட இரண்டு கையையும் கொண்டுபோவார். காது பக்கம் விரல் பட்டதும் நெருப்பைத் தொட்டவர்போல் கையை இழுத்துக்கொள்வார். முழங்காலை நகர்த்தினோமே, அப்போதுதான் கழுத்து முறிந்திருக்கும், நம் கையால்தான் அந்தப் பையன் போனான் என்று மனசு அரித்தெடுத்தது. வெளியே சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "வாங்க, தலையைப் பிடிக்கணும்" என்று டாக்டரம்மா கூப்பிட்டபோது, காரில் ஏறி உட்கார்ந்தவர் உடைந்துபோனார்.

"நான்தான்மா அவனைக் கொன்னுட்டேன்."

பின் இருக்கையில் டாக்டரம்மாவின் கைகள் பாதி வழியில் நின்றன. "என்ன உளர்றீங்க?"

"முழங்காலை நகர்த்தினேன். சுளுக்கிக்கிச்சு, தாங்க முடியலை. அப்ப கை அசைஞ்சிருக்கும். கழுத்து..."

"கழுத்துக்கு ஒண்ணும் இல்லைங்க."

அவர் திரும்பினார். "என்ன?"

"கழுத்து நல்லாத்தான் இருந்துச்சு. முதல்லயே தொட்டுப் பார்த்துட்டேன். இடுப்பு மொத்தமும் நொறுங்கியிருந்துச்சு. அந்த இரும்பு அழுத்திக்கிட்டு இருந்ததாலதான் உயிர் நின்னுச்சு. எடுத்தா போயிடுவான். எடுக்காட்டியும் போயிடுவான். பார்த்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அப்ப என்னை எதுக்குடி பிடிக்கச் சொன்னே?" மனைவியை அவர் அப்படி 'டி' போட்டுப் பேசியதே இல்லை.

"கார்ல அந்த அம்மா இருந்தாங்க. அவங்களைக் காப்பாத்தலாம், இவனை முடியாது. நான் ஒரு ஆள், எங்க போவேன்? போய்த்தான் ஆகணும். ஆனா அவனைத் தனியா விட மனசு வரலைங்க."

கண்ணாடிக்காரருக்கு அடங்காத கோபம் வந்தது. "ஏமாத்திட்டியே. நடந்தே வீட்டுக்குப் போவேன்னு அவன்கிட்டச் சொன்னேனே! கண்ணாடி போட்டுத் தர்றேன்னு சொன்னேனே! என்னை ஒரு பொய்யனாக்கிட்டியே!"

"நீங்க பொய் சொல்லலை. நம்பித்தானே சொன்னீங்க?" டாக்டரம்மாவின் குரல் உடைந்தது. "நானும் எத்தனையோ பேர்கிட்டச் சொல்லியிருக்கேன், ஒண்ணும் ஆகாதுன்னு. அவங்க என் மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்குவாங்க. தெரிஞ்சுக்கிட்டே போவாங்க. அவன் மட்டும்தாங்க பயப்படாம போனான். உங்ககிட்ட உண்மையைச் சொல்லியிருந்தா, உங்களால அப்படிப் பேசியிருக்க முடியுமா?"

முடியாது. அது அவருக்கும் தெரியும். குரல் கம்மியிருக்கும், காது சிவந்திருக்கும், அந்தப் போர்வைக்குள் பையன் கண்டுபிடித்திருப்பான்.

"அப்ப இனிமே நீ பிடிக்கச் சொன்னா, அது கழுத்துக்கா, இல்ல இதுக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"உன் மூஞ்சியைப் பார்த்தா கண்டுபிடிச்சுடுவேன்."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவை கண்டுபிடிச்சீங்களா? அடிபட்டவங்க கண்டுபிடிச்சுடறாங்க. நீங்கதான் பார்க்கறதே இல்லையே, முதுகைக் காட்டிட்டு நிப்பீங்க."

"நான் இனிமே வர மாட்டேன். வேற டிரைவரைப் பார்த்துக்கோ" என்றார் கண்ணாடிக்காரர். காரை விட்டு இறங்கிக் கதவை அறைந்து சாத்திவிட்டு மாடிக்குப் போனார். இரண்டு நாள் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையாகவே வரக் கூடாது என்றுதான் இருந்தார். ஆனால் கண்ணை மூடினால், அந்தச் சாம்பல் போர்வைக்குள் பையன் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தான், "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டு. கேட்க ஆள் இல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். இந்த நினைப்பிலிருந்து அவரால் தப்பிக்க முடியவில்லை.

போன் அடித்தபோது வயதான ஒருவர் கடையில் கனத்த சோதனை பிரேமோடு உட்கார்ந்திருந்தார். "போச்சுடா" என்று அவரே சொன்னார். கண்ணாடிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். போனைத் திட்டினார், சாலையைத் திட்டினார், வண்டியைக் கண்டுபிடித்தவனையும் திட்டினார். திட்டிக்கொண்டே பார்த்தால் கால் இரண்டும் செருப்பில் இருந்தன, கையில் கார் சாவி இருந்தது.

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. லாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு வாடகைக் கார் நசுங்கியிருந்தது. ஓட்டுநர் சாலையோரம் விழுந்து கிடந்தார், ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள். முன் இருக்கையில் கல்லூரிக்குப் போகிற வயதில் ஒரு பெண் மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரர் இந்த முறை கொடியை எடுக்கவில்லை. டாக்டரம்மா அந்தப் பெண்ணின் நாடியைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார், கழுத்தைத் தடவினார். இவர் மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், வாழ்க்கையில் எந்த முகத்தையும் அப்படிப் பார்த்ததில்லை. புருவம் சுருங்கவில்லை, உதடு அசையவில்லை.

"தலையைப் பிடிச்சுக்கோங்க" என்றார் டாக்டரம்மா. "நான் டிரைவரைப் பார்த்துட்டு வர்றேன். சொல்ற வரைக்கும் விடாதீங்க."

"ஏம்மா," என்றார் இவர், மெல்ல, "எதுக்கு?"

டாக்டரம்மா ஒரு கணம் நின்றார். "பிடிச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூறலில் ஓடினார்.

பின் கதவு வழியாக நுழைந்து, மண்டிபோட்டு, அந்தத் தலையை இரண்டு கைகளாலும் தாங்கினார். ஈரமான கூந்தல் விரலில் ஒட்டியது. தாடை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"தலையை ஆட்டாதேம்மா. ஆமான்னா வாயால சொல்லு."

"அங்கிள்," என்றாள் அவள், "எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

கண்ணாடிக்காரருக்குக் காது சுட்டது. காது சிவந்திருந்தால்தான் என்ன, பின்னால் இருப்பது அவளுக்குத் தெரியப்போவதில்லை. குரல் மட்டும்தான் அவளுக்குக் கேட்கும்.

"ஒண்ணும் ஆகாதும்மா. டாக்டரம்மா பார்த்துட்டுத்தானே போனாங்க?" என்றார். குரல் கம்மவே இல்லை. "நான் பிடிச்சிருக்கேன். விட மாட்டேன்."

"சரி அங்கிள்" என்றாள். அவள் தாடை மெதுவாக இளகியது. தலையின் பாரம் முழுவதும் அவர் உள்ளங்கையில் வந்து இறங்கியது. நல்லதற்கா கெட்டதற்கா என்று அவருக்குத் தெரியவில்லை. தீயணைப்புக்காரர்கள் போர்வையைக் கொண்டுவந்து இரண்டு பேர் மேலும் போட்டார்கள்.